கைபேசியைப் பழுதுக்குக் கொடுக்கும்போது பின் (PIN) நம்பரையும் கொடுக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெங்களூரில் கைபேசி பழுதுபார்க்கும் கடைகள் பலவற்றில், வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் ஜாப் ஷீட்டிலேயே மூன்று வரிசையாக ஒன்பது புள்ளிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. கைபேசியைத் திறக்கும் பேட்டர்னை வாடிக்கையாளர் அந்தப் புள்ளிகளின் மேல் வரைந்து காட்ட வேண்டும். எந்தப் புள்ளியில் தொடங்குவது என்பதற்கு ஓர் அம்புக்குறியும் போட வேண்டும். பின் நம்பர் வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் உண்டு. அச்சடித்த தாள் இல்லாத சிறிய கடைகளில், கைபேசியின் முதுகில் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டி, அதில் உடையவர் பெயர், வீட்டில் உள்ள இன்னொருவரின் நம்பர், என்ன பழுது, பின் நம்பர் என்ன என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதி, ஏற்கெனவே பல கைபேசிகள் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தட்டு மாலைவரை கவுன்டரின் மேலேயே இருக்கும். கடைக்கு வந்து போகிற எவரும் குனிந்து பார்த்தால் படிக்கலாம்.

இந்த வழக்கத்தை ஏன் என்று கேட்பவர் அரிதாக இருக்கிறார்கள் என்பதுதான் என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது. சொந்தப் படங்களையும் காணொளிகளையும் கைபேசியில் எப்படிக் காப்பாற்றுவது என்று பேச்சு வந்தால், கண்காணாத தேசத்தில் உட்கார்ந்துகொண்டு இணையம் வழியாகப் புகுந்து திருடுகிறவனைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். நாமே பின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, 'எப்போது வரட்டும்?' என்று கேட்டுத் திரும்பும் கவுன்டரைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் தூரவாணிநகர் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1948இல் தொடங்கப்பட்ட அந்த ஆலையிலிருந்து நாடெங்கும் போன தொலைபேசிகளில் ஒன்று பழுதானால், லைன்மேன் வீட்டுக்கே வந்து, கூடத்தில் உட்கார்ந்து, மூடியைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போவார். உள்ளே மணியும் சுருளும் கம்பிகளும் இருக்குமே தவிர, வீட்டார் அதில் பேசிய பேச்சு ஒரு சொல்கூடத் தங்கியிருக்காது. பழுதுபார்க்கிறவரிடம் ஒரு பொருளைக் கொடுத்தால் பொருளை மட்டுமே கொடுக்கிறோம் என்ற எண்ணம் எங்கள் தலைமுறைக்கு அப்போது படிந்தது. எங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடமும் அதுவே நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இன்றைய கைபேசியின் கேலரியில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு குடும்பஸ்தர் நிதானமாகப் பார்த்தால் அவருக்கே வியப்பாக இருக்கும். பேரக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது எடுத்த காணொளி, படுத்த படுக்கையாக இருந்த தாயாருக்கு முதுகில் உண்டான புண்ணை டாக்டருக்கு அனுப்புவதற்காக எடுத்த படம், மருமகளின் ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாருடைய ஆதார், பான் அட்டைகள், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், வீட்டுப் பத்திரம், ஏ.டி.எம். அட்டையின் இரண்டு பக்கங்களும், கணவனும் மனைவியும் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய படங்கள் எல்லாம் தேதி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. 'என் போனில் மறைக்க ஒன்றும் இல்லை' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், இவற்றில் பாதி தங்களுடைய படங்களே அல்ல என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பின் நம்பரைச் சொல்கிறவர் குடும்பத்தலைவராக இருக்கலாம். அந்தத் தாயாரும் மருமகளும் அதற்குச் சம்மதம் சொல்லவில்லை.

கடைக்காரர்களைக் குற்றவாளிகளாகச் சித்தரிப்பது என் நோக்கமன்று. எஸ்.பி. ரோட்டிலும் சிவாஜிநகரிலும் நாலடி அகலக் கடைக்குள் குனிந்து உட்கார்ந்து, மைக்ரோஸ்கோப்பின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளைப் பற்றவைக்கும் இளைஞர்களின் கைத்திறனை, தொழிற்சாலையில் காலம் கழித்தவன் என்ற முறையில் மிகவும் மதிக்கிறேன். கம்பெனி சர்வீஸ் சென்டர் 'போர்டையே மாற்ற வேண்டும்' என்று கைவிரித்த கைபேசிகளை அவர்கள் சில நூறு ரூபாய்க்கு உயிர்ப்பித்துத் தருகிறார்கள். அவர்கள் பின் நம்பரைக் கேட்பதற்குக் காரணமும் உண்டு. டிஸ்ப்ளே மாற்றினால் நான்கு மூலையிலும் டச் வேலை செய்கிறதா, கேமரா, ஸ்பீக்கர், மைக் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் மறுநாள் திரும்பி வந்து சண்டை போடுவார். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கைபேசியைத் திறக்க வேண்டியதே இல்லை. பேட்டரியோ சார்ஜிங் போர்ட்டோ மாற்றினால், சார்ஜ் ஏறுவதைப் பூட்டிய திரையிலேயே பார்க்கலாம். பவர் பொத்தானை இருமுறை அழுத்தினால் பல கைபேசிகளில் பூட்டைத் திறக்காமலேயே கேமரா வரும். அப்போது எடுக்கும் படங்களை மட்டுமே அங்கிருந்து பார்க்க முடியும், பழைய படங்களுக்குப் போக முடியாது. டார்ச், ஒலிப் பொத்தான்கள், திரையின் நிறம், பெருமளவுக்கு டச் எல்லாவற்றையும் பூட்டிய நிலையிலேயே சோதித்துவிடலாம். மீதமிருக்கும் ஒன்றிரண்டைக் கைபேசியை வாங்க வரும்போது வாடிக்கையாளரே திறந்து, கடைக்காரரின் எதிரிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

அண்மையில் மர்ஃபி டவுனில் ஒரு கடையில் என் கைபேசிக்கு பேட்டரி மாற்றக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் ஓர் அம்மாளும் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளும் நின்றிருந்தார்கள். சார்ஜர் சொருகும் இடம் ஆடிப்போயிருந்தது, அவ்வளவுதான். கடைப் பையன் வழக்கம்போல பின் நம்பரைக் கேட்டதும் அந்தப் பெண் தயங்கினாள். 'சொல்லேம்மா, நேரமாகுது' என்றார் தாயார். 'அப்படி உள்ளே என்னம்மா இருக்கு?' என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இவ்விஷயத்தில் எனக்கு மிகவும் வெறுப்பூட்டுவது. பூட்டு வைத்திருப்பதையே குற்றத்துக்கு அடையாளமாக்கும் சிரிப்பு அது. 'தம்பி, சார்ஜ் ஏறுதான்னு பார்க்க நம்பர் எதுக்கு? சாயங்காலம் வரும்போது பாப்பாவே போட்டுக் காட்டும்' என்றேன். 'சரி அங்கிள், அதனால என்ன' என்று அவன் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அவனுக்கு அந்த நம்பர் தேவைப்படவே இல்லை. தாளில் கட்டம் இருந்தது, கேட்டான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எளிதில் சரிசெய்யக்கூடிய ஒலிப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கிய மடிக்கணினிகளை 16 பழுதுபார்க்கும் கடைகளுக்குக் கொடுத்து, அவற்றுக்குள் என்ன நடந்தது என்பதைத் தானாகப் பதிவாகும்படி செய்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு கடைகளில் உடையவரின் சொந்தக் கோப்புகள் திறந்து பார்க்கப்பட்டிருந்தன. அவற்றுள் இரண்டு கடைகளில் பிரதியும் எடுத்திருந்தார்கள். பெண்களுடையவை போல அமைத்த கணினிகளே அதிகம் துழாவப்பட்டன. பார்த்ததற்கான தடயத்தை அழித்துவைத்தவர்களும் இருந்தார்கள். பேட்டரி மாற்றும் வேலைக்குக்கூடப் பெரும்பாலான கடைகள் பாஸ்வேர்டு கேட்டன என்பதையும் அதே ஆய்வு குறித்திருக்கிறது. பிரபலமான கடை, கம்பெனியின் சொந்தக் கடை என்பதெல்லாம் மட்டும் போதுமான காவல் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கைபேசி செய்யும் கம்பெனிகள் இதற்கென்று ஒரு வசதியை ஏற்கெனவே கொடுத்திருக்கின்றன; கவுன்டருக்கு இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் இருப்பவர்களில் பலருக்கு அது தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. சாம்சங் 2022இல் மெயின்டனன்ஸ் மோடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. செட்டிங்ஸில் பேட்டரி, டிவைஸ் கேர் பகுதிக்குள் இருக்கிறது. அதை இயக்கினால் கைபேசி ஒருமுறை அணைந்து எழுந்து, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோல வெறுமையாக நிற்கும். படங்கள், மெசேஜ்கள், கணக்குகள், நாம் நிறுவிய செயலிகள் எதுவும் கண்ணில் படாது. கேமராவையும் ஸ்பீக்கரையும் பழுதுபார்ப்பவர் தாராளமாகச் சோதிக்கலாம். அந்த நிலையிலிருந்து வெளியே வர உடையவரின் விரல் ரேகையோ பின் நம்பரோ வேண்டும்; வந்தபின் நம் பொருள்களெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கூகுளின் பிக்சல் கைபேசிகளில் 2023 டிசம்பரில் ரிப்பேர் மோடு என்ற பெயரில் இதே வசதி வந்தது. அதற்கு 2 ஜிபி இடம் காலியாக இருக்க வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு: முழுதாக பேக்கப் எடுத்துக்கொண்டு, கைபேசியை அழித்துக் கொடுத்து, திரும்பி வந்தபின் மீட்டுக்கொள்ள வேண்டும். சிரமந்தான், ஒரு ராத்திரி ஆகும். மற்ற கம்பெனிகளின் கைபேசிகளில் மாடலுக்கு மாடல் நிலைமை மாறுகிறது என்பதால், செட்டிங்ஸில் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் இந்தப் பெயர்களை அடித்துப் பார்ப்பதே எளிது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெயின்டனன்ஸ் மோடை இயக்கத் திரை வேலை செய்ய வேண்டும். கீழே விழுந்து டிஸ்ப்ளே முழுவதும் கருத்துப்போன கைபேசியில் அது முடியாது. நம்மில் பலர் கடைக்குப் போவதே டிஸ்ப்ளே உடைந்த பிறகுதான். அப்படியானால் பின் நம்பரைச் சொல்லாமல் கைபேசியைக் கொடுத்து, புது டிஸ்ப்ளே பொருத்தியபின் நேரில் போய் நாமே திறந்து பார்க்க வேண்டும். அல்லது அதற்குப் பிறகு மெயின்டனன்ஸ் மோடை இயக்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இன்னொரு நடை போக வேண்டியிருக்கும் என்பது உண்மை. கைபேசியைக் கொடுக்குமுன் சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்வதையும் மறக்கலாகாது. புதிய கைபேசிகளில் உள் சேமிப்பு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது பூட்டைத் திறக்காமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்பட்டிருக்கும்; 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதுக் கைபேசிகளுக்கு அது கட்டாயம். மெமரி கார்டு வழக்கமாக அப்படியில்லை. அதைக் கழற்றிச் சாதாரண கார்டு ரீடரில் சொருகினால், எந்த பின் நம்பரும் கேட்காமல் அத்தனை படங்களும் வந்து நிற்கும். 'இடம் போதவில்லை' என்று கேமரா படங்களையெல்லாம் கார்டில் சேரும்படி வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ.

'நான் முக்கியமான படங்களைத் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறேன், எனக்குக் கவலையில்லை' என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூகுள் போட்டோஸில் 2021 முதல் லாக்டு ஃபோல்டர் என்று ஒன்று இருக்கிறது. ஐபோனில் ஹிட்டன் ஆல்பம் இருக்கிறது. 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் அதற்குப் பூட்டும் உண்டு. இரண்டும் நல்லவையே. ஆனால் லாக்டு ஃபோல்டரைத் திறப்பது கைபேசியின் திரையைத் திறக்கும் அதே பூட்டுதான். ஐபோனிலும் முகமோ விரலோ ஒத்துப்போகாவிட்டால் கைபேசியின் பாஸ்கோடு அதைத் திறந்துவிடும். ஆகவே ஜாப் ஷீட்டில் அந்த நம்பரை எழுதியவர், பூட்டிய பெட்டியின் திறவுகோலையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கிறார். தனி நம்பர் வைத்துக்கொள்ள இடம் தருவன சாம்சங்கின் செக்யூர் ஃபோல்டரும், 2024இல் ஆண்ட்ராய்டு 15உடன் வந்த பிரைவேட் ஸ்பேஸும். அவற்றிலும், கைபேசிக்கு வைத்த நம்பரையே மறுபடியும் வைத்துவிட்டால் பயன் ஒன்றுமில்லை.

கால்குலேட்டர் போலத் தோன்றும் செயலிக்குள் படங்களை ஒளித்துவைக்கும் பழக்கம் இளைஞர்களிடம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யார் செய்தது என்றே தெரியாத ஒரு செயலிக்கு, யாரும் பார்க்கக்கூடாத படங்களையெல்லாம் தேடிப் பொறுக்கி ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுப்பதாகவே அது முடிகிறது. போதாததற்கு, என்றைக்காவது அந்தச் செயலியை நீக்கிவிட்டால் படங்களும் அதோடு போய்விடலாம். லாக்டு ஃபோல்டரிலும் பேக்கப்பை இயக்காமல் வைத்திருந்தால் இதே ஆபத்து உண்டு: கைபேசியை ரீசெட் செய்தால் உள்ளே இருப்பவை மீளா. படத்தைப் பிறர் பார்க்கக்கூடாது என்று பூட்டுகிறவர், தாமும் அதை இழந்துவிடக்கூடாது என்பதையும் நினைக்க வேண்டும்.

படங்களைத் தொடும் அனுமதியைச் செயலிகளுக்கு வாரி வழங்குவதும் கவுன்டரில் நம்பர் எழுதித் தருவதற்கு ஒப்பானதே. ஆனால் இதில் சட்டமும் கம்பெனிகளும் ஓரளவு விழித்துக்கொண்டுவிட்டதால் நீட்டவில்லை. உடனடிக் கடன் செயலிகள் வாடிக்கையாளரின் படங்களையும் தொடர்பு எண்களையும் உருவி மிரட்டிய கொடுமைகளுக்குப் பிறகு, கடன் செயலிகள் கைபேசியின் கோப்புகளையும் தொடர்புப் பட்டியலையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் உத்தரவிட்டது. கூகுளும் 2023 மே 31 முதல் தன் பிளே ஸ்டோரில் உள்ள கடன் செயலிகளுக்கு அதைத் தடைசெய்தது. மற்றச் செயலிகள் கேட்கும்போது, ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 14 முதலாக, எல்லாப் படங்களையும் தராமல் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் தரும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

கைபேசி பழுது நீங்கிக் கைக்கு வந்தபின் செய்ய வேண்டியவற்றைப் பற்றி யாரும் பேசக் காணோம். நம்பரைக் கொடுக்க நேர்ந்துவிட்டால், முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து, நமக்குத் தெரியாத கணினி ஏதேனும் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்று இணைந்துவிட்டால், நாம் வீட்டுக்கு வந்து புதிதாக அனுப்பும் படங்களும் அங்கே போய்ச் சேரும். இதைவிட நுட்பமானது கூகுள் போட்டோஸில் இருக்கும் பார்ட்னர் ஷேரிங்: கணவன் மனைவி போன்றோர் தங்கள் படங்களைத் தானாகவே பகிர்ந்துகொள்வதற்காக 2017இல் வந்த நல்ல வசதி அது. கெட்ட நோக்கம் உள்ள எவனும் சில நிமிடங்களில் தன் கணக்கை அதில் சேர்த்துவிட முடியும். ஷேரிங் பகுதியைத் திறந்து அங்கே அந்நியப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நீக்கிய படங்களும் உடனே போய்விடுவதில்லை என்பதையும் பலர் அறியார். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஐபோனிலும் சாம்சங் கேலரியிலும் 30 நாள். கடைக்குப் போகும் வழியில் ஆட்டோவில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் படங்களை நீக்குகிறவர்கள், அந்தத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

புதுக் கைபேசி வாங்கும்போது, 'டேட்டா எல்லாம் நாங்களே மாற்றித் தருகிறோம்' என்று கடையில் சொல்வார்கள். அந்தக் கடையின் லேப்டாப் வழியாக மாற்றினால், இடையில் எடுத்த பிரதி அங்கேயே தங்கிவிடக்கூடும். யாரும் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் அழிக்க மறந்துபோகும். கைபேசியிலிருந்து கைபேசிக்கு நேராகக் கேபிள் போட்டு வீட்டில் மாற்றிக்கொள்வது அவ்வளவு கடினமன்று. எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் பழைய கைபேசியையும், வாசலுக்கு வந்து எடுத்துப்போகும் பையன் எதிரில் அல்லாமல், முன்னதாகவே கணக்குகளிலிருந்து வெளியேறி நாமே ரீசெட் செய்துவிட வேண்டும். பீரோவில் கிடக்கும் மிகப் பழைய கைபேசிகளை, தெருவில் பிளாஸ்டிக் டப்பாவுக்கு வாங்கிப் போகிறவரிடம் போடுவது கூடவே கூடாது. அக்காலத்து ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் ரீசெட் செய்த பிறகும் படங்களை மீட்க முடிந்ததை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டியிருக்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றிச் சிறிது. அந்தரங்கம் இந்தியக் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்தவர், இதே பெங்களூரில் வாழ்ந்த, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. முதிய வயதில் அவர் அரசை எதிர்த்துப் போராடி வாங்கித் தந்த உரிமையை, நாம் கவுன்டரில் கேட்ட மாத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கடைக்காரர் அத்துமீறினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. உடையவரின் அனுமதியில்லாமல் நேர்மையற்ற நோக்கத்தோடு கோப்புகளைப் பிரதி எடுப்பது 43, 66ஆம் பிரிவுகளின்படி மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சேவை ஒப்பந்தத்தின் மூலம் கையில் கிடைத்த பிறரின் சொந்தத் தகவலைத் தீங்கு செய்யும் எண்ணத்தோடு வெளியிடுவது 72ஏ பிரிவில் வருகிறது. ஒருவரின் உடலின் அந்தரங்கப் பகுதியைக் காட்டும் படத்தைச் சம்மதமின்றி எடுப்பதையும் அனுப்புவதையும் 66ஈ தண்டிக்கிறது. ஆகவே, ஜாப் ஷீட்டைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் யாரிடம் கைபேசி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

படம் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால், மிரட்டுகிறவனுக்குப் பணம் அனுப்பாமல், அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காமல், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பெண்கள், குழந்தைகள் தொடர்பான இத்தகைய புகார்களைப் பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்கலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பெங்களூரில் சைபர் குற்றங்களுக்கென்று தனிக் காவல் நிலையங்கள் இருக்கின்றன. 2021 டிசம்பர் முதல் ஸ்டாப்என்சிஐஐ என்ற சர்வதேச இணையதளம் ஒன்றும் இயங்குகிறது: பதினெட்டு வயது நிறைந்தவர் தம் அந்தரங்கப் படத்தின் எண்வடிவ ரேகையை (படத்தை அடையாளம் காட்டும் எண்தொடரை) மட்டும் தம் கைபேசியிலேயே உருவாக்கி அதில் சேர்த்தால், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட, அதில் பங்கேற்கும் தளங்கள் அந்த ரேகையைக் கொண்டு அதே படத்தை அடையாளம் கண்டு தடுக்கும். படம் நம் கையை விட்டுப் போகாது. சமூக வலைத்தளக் கம்பெனிகளும் பாதிக்கப்பட்டவரின் புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் இத்தகைய படங்களை நீக்க வேண்டும் என்று 2021இல் மத்திய அரசு விதிகளை வகுத்தபோதே சொல்லியிருந்தது; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடு இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் செய்யவிடாமல் நம் பெண்களைத் தடுப்பது, 'இப்படிப்பட்ட படத்தை எதற்கு எடுத்தாய்?' என்று வீட்டிலும் வெளியிலும் கேட்கப்படும் கேள்வி. ஒருவர் தம் கைபேசியில் தமக்காக எடுத்துவைத்த படம் அவருடைய பொருள். அதைத் திருடியவனையே கேள்வி கேட்க வேண்டும். மகளோ மருமகளோ தங்கையோ நடுங்கிக்கொண்டு வந்து சொன்னால், முதல் ஐந்து நிமிடம் திட்டாமல் கேட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், மிரட்டுகிறவனின் பலத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

தங்கள் நாளிதழ் வழியாகச் சில கோரிக்கைகளை வைக்க விரும்புகிறேன். கைபேசிக் கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் சென்டர்களில் கைபேசியை வாங்கிக்கொள்ளும்போதே, 'மெயின்டனன்ஸ் மோடு இயக்கிவிட்டீர்களா?' என்று கேட்டு, தெரியாதவர்களுக்கு இயக்கிக் காட்டும்படி ஊழியர்களைப் பழக்க வேண்டும். விற்பனைக்குப் பணம் செலவழித்து நடிகர்களைக் கொண்டு விளம்பரம் செய்யும் கம்பெனிகளுக்கு, கவுன்டரில் ஓர் அறிவிப்பு ஒட்டுவது பெரிய செலவாகாது. சிறு கடைக்காரர்களின் சங்கங்கள், பின் நம்பர் கேட்கும் கட்டத்தை ஜாப் ஷீட்டிலிருந்து நீக்கிவிட்டு, எந்தச் சோதனையை வாடிக்கையாளர் முன்னிலையில் செய்வது என்பதை அதில் அச்சிடலாம். அவர்களுக்கும் வீண்பழி மிஞ்சாது. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வயதானவர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் அவரவர் கைபேசியையே கொண்டுவரச் சொல்லி, இந்த வசதிகள் எங்கே இருக்கின்றன என்று கையில் பிடித்துக் காட்டினால் பேருதவியாக இருக்கும். இவ்வூரில் நம்மவர் பலரின் கைபேசிகளில் செட்டிங்ஸ் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருப்பதால், பேரன் வரும்வரை காத்திருக்கும் நிலைமை இருக்கிறது.

தாங்களும் அதிகம் விற்கும் நான்கைந்து கம்பெனிகளின் கைபேசிகளை எடுத்துக்கொண்டு, எந்தப் பொத்தானுக்கு அடுத்து எதை அழுத்துவது என்பதைத் திரைப் படங்களோடு, கண்ணாடி போட்டவர்கள் படிக்கும் அளவு பெரிய எழுத்தில், ஒரு பக்கமாக வெளியிட வேண்டுகிறேன். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து எங்கள் பகுதியில் உள்ள ரீசார்ஜ் கடைகளிலும் டீக்கடைகளிலும், கடைக்காரர் இசைந்தால் பழுதுபார்க்கும் கடைகளிலும் ஒட்டுவதற்கு, ஓய்வுபெற்ற நாங்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மர்ஃபி டவுன், பெங்களூரு.